பன்னிரண்டாவது இடம்

டெங்கில்,
18 மார்ச் 1988

அன்புள்ள பூசணிக்கு,

கல்லூரி முதல்வரை இப்படி அழைக்கக் கூடாதுதான். ஆனால் ஆசிரியர் பயிற்சி விடுதியில் இரண்டு வருடம் என் சோப்பைப் போட்டுக் குளித்தவளுக்கு வேறு எப்படி எழுதுவது? பத்திரிகையில் உன் படம் பார்த்தேன். அந்த நாற்காலியில் உட்காரும் முதல் பெண் என்று போட்டிருக்கிறார்கள். பார்த்ததும் அழுதுவிட்டேன். தலையை மட்டும் இன்னும் ஒழுங்காக வாரத் தெரியவில்லை உனக்கு.

நவம்பரில் எங்கள் தோட்டத்துக் கோயிலடியில் மேசை போட்டு, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பங்களை உன் கையாலேயே நிரப்பினாய் அல்லவா? அவர்களில் அஞ்சலை முதல் தரத்தில் தேறிவிட்டாள். பால்மரம் வெட்டும் மாரியாயியின் மகள். இந்தத் தோட்டத்தில் இதற்கு முன் எந்தப் பிள்ளையும் ஐந்தாம் படிவத்தில் முதல் தரம் வாங்கியதில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று நீ மல்லுக்கட்டி வாங்கிய பன்னிரண்டு இலவச இடங்களில் ஒன்று அவளுக்கு வேண்டும்.

நான் கேட்டு நீ இல்லை என்று சொன்னதே கிடையாது. இப்போதும் சொல்லாதே.

உன்,
லெட்சுமி


பிரிக்ஃபீல்ட்ஸ்,
2 ஏப்ரல் 1988

அன்புள்ள லெட்சு,

நாற்காலி ஆடுகிறது. ஒரு கால் குட்டை. இத்தனை ஆண்கள் உட்கார்ந்தும் ஒருவரும் அதைச் சரி செய்யவில்லை.

அஞ்சலைக்கு இடம் உண்டு. பட்டியலில் பன்னிரண்டாவது பெயர் அவளுடையது. மே ஒன்பதாம் தேதி வகுப்பு தொடங்குகிறது. இரண்டு வருடம் முடித்தால் பல்கலைக்கழகம்.

எதற்கு இப்படி மேசையைத் தூக்கிக்கொண்டு அலைகிறாய் என்று நவம்பரில் கேட்டாய். பயிற்சி முடிந்தபோது எனக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்ப, ரயில்வே குவார்ட்டர்ஸில் என் அப்பா இருந்தார். என்னைவிட அதிக மார்க் வாங்கிய உனக்கு ஆள் இல்லை. நான் பல்கலைக்கழகம் போனேன், நீ டெங்கில் போனாய். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

நிர்வாகக் குழுவில் வல்லிபுரம் என்று ஒருவர் இருக்கிறார். "எஸ்டேட் பிள்ளைங்க பொறப்பு சூராட்டெல்லாம் கோளாறா இருக்கும் மிஸ். நாளைக்கு நமக்குத்தான் வம்பு" என்றார். எனக்கு வந்ததே கோபம். யாரும் கேட்காமலே பன்னிரண்டு பிறப்புப் பத்திரங்களின் நகலையும் பதிவு அலுவலகத்துக்குச் சரிபார்க்க அனுப்பிவிட்டேன். பதில் வரட்டும், அவர் முகத்துக்கு நேராக நீட்டுகிறேன்.

அன்புடன்,
குணபூசணி


டெங்கில்,
11 ஏப்ரல் 1988

பூசணி,

பதிவு அலுவலகத்துக்கு அனுப்பியதைத் திரும்ப வாங்க முடியுமா?

அந்தப் பத்திரம் அவளுடையது அல்ல. அவள் அக்காவுடையது. அஞ்சலை என்ற அந்தக் குழந்தை ஒன்பது மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அடுத்தவள் லயத்து வீட்டிலேயே மருத்துவச்சி கையில் பிறந்தாள். வேலை பெர்மிட் கிடைக்காமல் அவள் அப்பன் ஊருக்குக் கப்பலேறிய வருடம் அது. பதிய ஆள் இல்லை.

எழுபத்தாறில் மாரியாயி அவளைப் பள்ளிக்குக் கூட்டி வந்தாள். பத்திரம் இல்லாமல் சேர்க்க முடியாது என்று தலைமையாசிரியர் அனுப்பிவிட்டார். வாசலில் அழுதுகொண்டு நின்றவளிடம், "மூத்த புள்ளயோட சூராட் இருக்கா? அதக் கொண்டா" என்று சொன்னது நான். சேர்க்கைப் பதிவேட்டில் எழுதியதும் நான். பிள்ளைக்கு ஐந்து வயதுதான். குனிந்து, "இனிமே யார் கேட்டாலும் ஒன் பேரு அஞ்சல" என்றேன். "அக்கா பேரா டீச்சர்?" என்று கேட்டாள்.

பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டும் அதே பெயரில் வந்துவிட்டது. இனிப் பயமில்லை என்று நானும் மறந்தே போனேன்.

ஏதாவது செய், பூசணி.

லெட்சுமி


பிரிக்ஃபீல்ட்ஸ்,
6 மே 1988

அன்புள்ள லெட்சு,

உன் கடிதம் கிடைத்த மறுநாளே பதிவு அலுவலகத்தின் பதிலும் வந்துவிட்டது. பதினோரு பேருக்குச் சரி. பன்னிரண்டாவது ஆள் 1969-இல் இறந்துவிட்டார் என்று ஒரே வரி.

நானே மூன்று தடவை போனேன். முதல்வர் என்றதும் நாற்காலி போட்டார்கள், டீயும் கொடுத்தார்கள். தாமதமாகப் பதிய வேண்டுமானால் பிறந்ததைப் பார்த்தவர் வேண்டுமாம். மருத்துவச்சி செத்துப் பத்து வருடம் என்று மாரியாயி சொல்கிறாள். தோட்டம் கைமாறியபோது ஆஸ்பத்திரிப் புத்தகங்களை எல்லாம் எரித்துவிட்டார்களாம்.

அவளைச் சேர்த்தால் கல்லூரியின் அங்கீகாரம் போகும். மற்றப் பதினோரு பேரின் இடமும் போகும். குழுவில் வல்லிபுரம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த இடத்தை, பட்டியலில் அடுத்து இருந்த பண்டமாரான் தோட்டத்துப் பவுனம்மாளின் மகனுக்குக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை அவளை அனுப்பாதே. நீ செய்ததை வெளியே சொல்லாதே. ஓய்வு பெற உனக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன், இதை நீ கிழித்துவிடு.

யாரும் என்னைக் கேட்கவில்லை, லெட்சு. நானாகத்தான் அனுப்பினேன்.

குணபூசணி


டெங்கில்,
30 அக்டோபர் 1988

அன்புள்ள பூசணிக்கு,

கிட்டத்தட்ட ஆறு மாதமாகப் பதில் போடவில்லை. கோபம்தான். யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

போன வாரம் பதிவு அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்னைத் திட்டாதே. அதிகாரி பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். "டீச்சர், இந்தப் பிள்ளை பிறந்ததை நீங்கள் பார்த்தீர்களா?" என்றார். இல்லை என்றேன். அப்படியானால் இதனால் பயனில்லை என்று காகிதத்தை மேசை டிராயருக்குள் வைத்தார். எனக்கு என்ன நடக்கும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவளுடைய கார்டை வாங்கிக்கொண்டார்கள். தாயோடு கொண்டிராக்டில் புல் வெட்டப் போகிறாள். அங்கே யாரும் கார்டு கேட்பதில்லை.

நவம்பரில் நீ வராமல் இருந்துவிடாதே. இந்த முறை ஒன்பது பிள்ளைகள். பத்திரங்களை ஒவ்வொன்றாக நானே பார்த்துவிட்டேன். பள்ளியிலிருந்து மேசையைத் தூக்கி வர அவள்தான் வருகிறாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "மிஸ் ஒக்காந்து எழுதணும்ல டீச்சர்" என்கிறாள்.

அவளைப் பார்த்தால் தவமணி என்று கூப்பிடு. அவள் பிறந்தபோது வைத்த பெயர் அதுதான்.

உன்,
லெட்சுமி