காணிக்கைக்குப் போன கொழுத்த சேவல்

பெனிட்டா அப்பாவுக்கு,

நீங்கள் வயலிலிருந்து வருவதற்குள் ஆராதனை தொடங்கிவிடும், நான் கிளம்புகிறேன். அறுப்பின் பண்டிகைக் காணிக்கைக்கென்று நீங்கள் கட்டிவைத்த நொண்டிச் சேவல் கூடைக்குள்ளேயே இருக்கிறது. அதற்குத் தவிடு போடுங்கள். மத்தியானக் குழம்புக்கென்று வளர்த்தீர்களே, அந்தக் கொழுத்த சேவலைத்தான் கோயிலுக்குக் கொண்டுபோகிறேன்.

"ஆண்டவரு என்ன, அத ஓட விட்டா பாக்கப்போறாரு?" என்று நேற்று கேட்டீர்களே! எனக்கே வெட்கமாகிவிட்டது.

அரைத்த மசாலா ஃப்ரிட்ஜில் இருக்கிறது. கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வையுங்கள். மனசு கேட்காவிட்டால், காணிக்கைகளை ஏலம் விடும்போது வந்து உங்கள் சேவலை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

சுகிர்தா

பி.கு: கட்டிலுக்கடியில் சாக்கு போட்டு மூடியிருப்பதைத் தொடாதீர்கள். நான் ஆசையாகப் பழுக்கவைக்கும் பூவன் வாழைத்தார். அது காணிக்கைக்கு இல்லை.

இன்னொன்று: எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். சரி, தாரையும் தூக்கிக்கொண்டுதான் போகிறேன். ஒரு கையில் சேவல், தோளில் தார், ஊரே சிரிக்கும். குழம்பு கிடக்கட்டும், சீக்கிரம் வாங்க. ஏலத்தில் உங்கள் சேவலை நான் கேட்கிறேன், என் தாரை நீங்கள் கேளுங்கள்.