பின்னறை

ஏப்ரல் 6

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? போன் செய்தால் "லேபுக்கு நேரமாச்சுப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நம் வீடு கைமாறிவிட்டது, பதிவும் முடிந்தது. வாங்கியவள் தையல்காரி, அவள் புருஷன் பள்ளி வேன் ஓட்டுகிறான். தோண்டித் துருவிக் கேட்காத நல்ல ஜனங்கள். பின்னறையில் தையல் மெஷின் போடுவாளாம். நடக்க முடியாத அவள் அம்மாவுக்கும் அங்கேயே கட்டிலாம்.

அந்தப் பின்னறையை இப்போது பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது. கொத்தனாரைக் கூப்பிட்டு, மூலையில் இருந்த சாக்கடை வாயைச் சிமெண்டால் அடைத்து, அதன்மேல் புது டைல்ஸ் ஒட்டச் சொன்னேன். கறை படிந்த சுவரைப் பலகையால் மறைத்து வெள்ளையடித்தாயிற்று. வெயில் காலத்திலேயே காட்டிவிடலாம் என்றார் தரகர். அந்தப் பெண் மட்டும் ஒரு தடவை, "மழையில தண்ணி கிண்ணி வருமா சார்?" என்றாள். "முப்பது வருஷம் இருந்தோம்மா, ஒரு சொட்டு பார்த்ததில்ல" என்றேன். கடை வைத்து ஊருக்கே மூக்குக்கண்ணாடி விற்றவன் நான். என் வீட்டைப் பார்க்க வந்தவர்கள் கண்ணாடி போடாமல் வந்தால் நான் என்ன செய்ய? சிரிக்காதே.

நான் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். அம்மா போன பிறகு நீ ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறாய். அதையும் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா

ஏப்ரல் 29

அன்புள்ள அப்பா,

நாங்கள் நலம். உங்கள் இருமலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா?

சிரிக்காதே என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறையில் படுத்து வளர்ந்தவள் நான். மழை வலுத்தால் தெருச் சாக்கடை முழுக்க அந்த மூலை வழியாகத்தான் மேலே வரும். மலம், மயிர்ச்சுருள், நெளிகிற புழு. என் பள்ளிக்கூடப் பை அதில் மிதந்திருக்கிறது. நீங்கள் கடையில் இருப்பீர்கள். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளி வாளியாக அள்ளி வெளியே கொட்டுவாள். அதற்கப்புறம் எத்தனை தடவை சோப்புப் போட்டாலும், அந்தக் கையைச் சாப்பாட்டுத் தட்டில் வைக்க அவளுக்கு மனசு வராது. ஸ்பூனால் சாப்பிடுவாள்.

அங்கே ஒரு நோயாளி படுக்கப் போகிறாள், அப்பா. மழை வருவதற்குள் அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். குழாயைத் தோண்டி மாற்றும் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் பாப்பா

ஆகஸ்ட் 17

பாப்பாவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போடவில்லை, கோபம்தான். தன் மோர் புளிக்கும் என்று சொல்லி யாராவது விற்பார்களா? உலகம் தெரியாமல் பேசுகிறாய்.

இப்போது வேறொரு தலைவலி. முதல் பெருமழையிலேயே டைல்ஸ் பெயர்ந்து, அடைத்து வைத்ததெல்லாம் பீறிக்கொண்டு வந்துவிட்டதாம். வேன்காரன் வண்டி எடுத்துப் போயிருந்த நேரம். தையல்காரி தன் அம்மாவைத் தூக்க முடியாமல் கட்டிலோடு இழுத்திருக்கிறாள். கால் சறுக்கி அந்தத் தண்ணீரிலேயே விழுந்தாளாம். ஊரார் தைக்கக் கொடுத்த துணி மொத்தமும் நாசமாம். மறுநாள் புருஷனும் பெண்டாட்டியுமாக இங்கே வந்தார்கள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை. அவள் ஒரு ரவிக்கையைப் பையிலிருந்து எடுத்து என் சாப்பாட்டு மேஜையில் போட்டாள். "மோந்து பாருங்க சார். ஒரு சொட்டு வராதுன்னீங்களே" என்றாள். என்ன திமிர் பார். மேஜையை மூன்று தடவை துடைக்க வேண்டியதாயிற்று.

இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் பயப்படவில்லை. 'உள்ளது உள்ளபடியே பார்த்துச் சம்மதித்து வாங்குகிறோம்' என்று பத்திரத்தில் தெளிவாக இருக்கிறது. ஆனால் அவர்கள் வக்கீல் உன் விலாசத்தையும் வாங்கியிருக்கிறானாம். கேட்டால், அப்படி எதுவும் நடந்ததாக ஞாபகம் இல்லை என்று ஒரு வரி எழுதிப் போடு. பெற்ற தகப்பனுக்கு இதுகூடச் செய்ய மாட்டாயா?

அப்பா

செப்டம்பர் 9

அப்பா,

அவர்கள் வக்கீலின் கடிதம் வந்தது. பதில் எழுதுவதற்கு முன் இங்கே எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் நம்பியிருக்கிற அந்த வாசகம் கண்ணுக்குத் தெரிகிற குறைக்குத்தான் பொருந்துமாம். சுவரில் விரிசல் தெரிந்தும் வாங்கினால் அது வாங்கியவர் பாடு. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் எவ்வளவு பார்த்தாலும் தெரியாதபடி மூடி வைத்த குறைக்குப் பத்திரம் காவல் நிற்காது. அதற்கும் மேலே, அந்தத் தையல்காரம்மா நேராகக் கேட்டார், நீங்கள் நேராகப் பொய் சொன்னீர்கள். அவர்கள் விற்பனையை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அல்லது வீட்டை வைத்துக்கொண்டு, பழுது பார்க்கும் செலவையும் நஷ்டத்தையும் கேட்கலாம். மோசடி என்று போலீசுக்கும் போகலாம். உங்கள் கொத்தனார், தான் செய்ததை அவர்கள் வக்கீலிடம் ஏற்கனவே சொல்லிவிட்டாராம்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறேன். கூப்பிட்டால் வந்து கோர்ட்டிலும் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மழைக்கும் அம்மா உங்களிடம் ஒரு கொத்தனாரைக் கூப்பிடச் சொன்னாள். "பார்க்கலாம்" என்றீர்கள். கடைசி வரை ஒருவரும் வரவில்லை. அவள் போன பிறகு வந்தார், மூடி மறைக்க. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. சாக்கடையைப் பார்த்துக்கூட இவ்வளவு குமட்டியதில்லை.

உங்கள் மகள்

நவம்பர் 22

மகளுக்கு,

உன் ஆசை நிறைவேறியது. சொந்தப் பெண்ணே எதிர்சாட்சி என்றதும் என் வக்கீல் கையை விரித்துவிட்டான். பணத்தைத் திருப்பிக் கொடுத்து வீட்டை எடுத்துக்கொண்டேன். மாடி வாடகையும் கட்ட முடியாமல், இப்போது இங்கேதான் இருக்கிறேன். தையல்காரி இதே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். பார்த்தால் பேசுவதில்லை. போகிற அவசரத்தில் என் டைல்ஸ் பாதியை உடைத்துப் போட்டிருக்கிறார்கள். நாகரிகம் இல்லாத ஜனங்கள்.

முந்தாநாள் மழையில் கூடம் வரை வந்துவிட்டது. அள்ள ஆள் கிடைக்கவில்லை. வந்தவளும் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா? உன் அம்மா இருந்திருந்தால் இப்படி விட்டிருப்பாளா?

தரகர் ஒரு புது ஆளைப் பிடித்திருக்கிறார். ஓய்வுபெற்ற வாத்தியாராம், வெளியூர். இந்தத் தடவை தரை முழுக்கக் கருங்கல் போட்டுவிடலாம் என்கிறார். நீ குறுக்கே வராமல் இருந்தால் போதும். நடந்ததை நான் மறந்துவிடுகிறேன்.

அப்பா

டிசம்பர் 10

அப்பா,

எதற்கென்று சொல்லாமல் தரகரிடம் அந்த வாத்தியாரின் விலாசத்தை வாங்கி, அவருக்கு நானே எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அடுத்து யார் வந்தாலும் எழுதுவேன்.

தரையைத் தோண்டுங்கள். குழாயை மாற்றுங்கள். அதற்கான செலவை நானும் மாப்பிள்ளையும் கொடுக்கிறோம். பணம் உங்கள் கைக்கு வராது, வேலை செய்கிறவருக்கு நேராகப் போகும். முடிந்துவிட்டது என்று எனக்கு எழுத வேண்டாம். நீங்கள் எழுதி நான் நம்பப்போவதில்லை. ஒரு மழைக்காலம் போகட்டும். தையல்காரம்மாவை உள்ளே கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் வருவாரா என்று எனக்குத் தெரியாது. வந்து பார்த்துவிட்டு அவர் எனக்கு எழுதினால், நான் ஊருக்கு வருகிறேன்.