ஞாயிற்றுக்கிழமைப் பெரியவர்கள்

நேற்று எங்கள் ஆபீஸ் பியூன் தன் சைக்கிளுக்குப் புதுக் கேரியர் மாட்டிக்கொண்டு வந்தான். பார்த்த மாத்திரத்தில் எனக்கு இடுப்பு வலித்தது. உன் சைக்கிள் கேரியரில் மூன்று வருஷம் ஞாயிறுதோறும் உட்கார்ந்து போனவன் நான். கம்பி தொடையில் வரி வரியாகப் பதியும். நீ முன்னால் மிதித்துக்கொண்டு, தலையைத் திருப்பாமலே, "மனுஷன் எதுக்குடா பொறக்கறான்?" என்பாய். "மொதல்ல ரோட்டைப் பாருடா" என்பேன்.

நீ ஆபீஸ் மேஜையிலேயே சாய்ந்து, போய்ச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது. போனவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது வழக்கம். எனக்கு அது வரவில்லை. இருந்தபோது உன்னிடம் எப்படிப் பேசினேனோ அப்படியே பேசுகிறேன்.

கன்டோன்மென்டில் நில அளவை ஆபீஸில் நாம் பக்கத்துப் பக்கத்து மேஜை. உன் அப்பா காரியம் முடிந்து நீ வேலைக்குத் திரும்பிய அன்று, ஒரு பட்டாவை எடுத்து வைத்துக்கொண்டு மத்தியானம் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். "எங்கப்பா முப்பது வருஷம் இதே மாதிரி பேப்பரைப் புரட்டினாரு. எதுக்குன்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல" என்றாய். எல்லோருக்கும்தான் அப்பா சாகிறார். மொட்டையில் முடி வளர்ந்ததும் அவனவன் வேலையைப் பார்க்கிறான். நீ மட்டும் ஒரு நோட்டு வாங்கி, ஊரில் உள்ள பெரியவர்களின் பெயரை வரிசையாக எழுதினாய். வாழ்ந்து முடிக்கப் போகிறவர்களைக் கேட்டால் வாழ்க்கை எதற்கென்று தெரிந்துவிடுமாம். அதை நீயாகவே கண்டுபிடித்த மாதிரி அப்படி ஒரு பெருமை உனக்கு!

எனக்கு அப்போதும் கல்யாணமில்லை, இப்போதும் இல்லை. லீவு நாளில் அறையில் தனியாகக் கிடப்பதற்குப் பதில் உன்னோடு தொற்றிக்கொண்டேன்.

ஸ்ரீரங்கத்தில், வடக்குச் சித்திரை வீதியில், ரிட்டயரான ஒரு ஜட்ஜ். "வாங்கோ, உக்காருங்கோ" என்று ஆரம்பித்தவர் ஒன்றரை மணி நேரம் நிறுத்தவில்லை. பகவத் கைங்கர்யம்தான் பிறவிப் பயன், மற்றதெல்லாம் மாயை என்றார். நடுவில் மூன்று தடவை உள்ளே திரும்பி, காபியில் சர்க்கரை கூடிவிட்டதென்று மருமகளை அதட்டினார். நீ கைங்கர்யத்தை எழுதிக்கொண்டாய். சர்க்கரையை எழுதவில்லை.

மேலப்புதூரில் வயதான ஃபாதர் ஒருவர். அவர் பேசவே இல்லை. நீ பேசியதை முழுக்கக் கேட்டார். பிறகு, "தம்பி, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா இங்க வந்து உக்காந்திருக்கீங்க. வீட்டுல சம்சாரம் என்ன செய்றாங்க?" என்றார். நீ பென்சிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாய். தெருவுக்கு வந்ததும், "அவருக்குக் கேள்வியே புரியலடா" என்றாய். யாருக்குப் புரியவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் உன் கேரியரில் ஏறிக்கொண்டேன்.

இப்படி எத்தனை பேர். ஒருவர் தர்மம் என்றார், ஒருவர் தேச சேவை என்றார், ஒருவர் மலச்சிக்கல் இல்லாமல் இருப்பது என்றார். அந்த மூன்றாமவர் ஒருவர்தான் உண்மையைச் சொன்னார் என்று நான் சொன்னதற்கு இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை.

அப்புறம் அந்தத் திருவெள்ளறைக் கிழவர். தொண்ணூறு தாண்டியவர், தன் வயலை விட்டு வெளியே போனதே கிடையாது, அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்று உன்னிடம் யாரோ அளந்திருந்தார்கள். அணா போய் நயா பைசா வந்த வருஷம் அது. அந்த ஞாயிறு காலை உறையூரில் உன் வீட்டு வாசலுக்கு நான் வந்தபோது, நீ செருப்புகூடப் போடாமல் நின்றுகொண்டிருந்தாய்.

"வசந்திக்கு நேத்துலேர்ந்து ஜுரம்டா. டாக்டர்கிட்ட காட்டணும், இன்னைக்குப் போகாதீங்கன்னு கோமதி சொல்றா."

உன் மகளுக்கு அப்போது இரண்டு வயது. நான் உள்ளே போய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"வெறும் ஜுரம்தானடா. சாயங்காலம் வந்து காட்டிக்கலாம். பொம்பளைங்க எதுக்கும் பயப்படத்தான் செய்வாங்க. கிளம்பு."

சொன்னது நான். மூன்று வருஷமாக உன் கேள்வியை நக்கலடித்தவன், அன்று உன்னை இழுத்துக்கொண்டு போனேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கும் என் அறைக்குத் திரும்பப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நீ ஒரு நிமிஷம் வீட்டுக்குள் பார்த்தாய். பிறகு செருப்பை மாட்டினாய்.

கொள்ளிடம் தாண்டி, டோல்கேட் தாண்டி, வழியில் பஞ்சர் ஒட்டி, உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தோம். கிழவர் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். காது சுத்தமாகக் கேட்காது. நீ குனிந்து அவர் காதருகே கத்தினாய்: "மனுஷன் எதுக்குங்க வாழணும்?" வரப்பில் மேய்ந்த ஆடு மிரண்டு ஓடியது.

"நெலம் அளக்க வந்தீங்களா?" என்றார் அவர். "அதான் போன வருஷமே அளந்துட்டுப் போயாச்சுங்களே."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீ இன்னும் மூன்று தடவை கத்தினாய். அவருடைய மகன், அவருக்கே அறுபது இருக்கும், மண்வெட்டியோடு வந்து, "விடுங்க சார், தண்ணி வீணாப் போவுது" என்றார். திரும்பும் வழியெல்லாம் "நெலம் அளக்க வந்தீங்களா?" என்று உன் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மாள் படியிறங்கி வந்தாள்.

"கோமதி கொழந்தையத் தூக்கிக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கு. வண்டி கிடைக்கல, வெயில்லயே நடந்துது. ஆள் விட்டுக் கூப்பிடலாம்னா நீங்க எங்க போனீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

மூன்றாம் நாள் வசந்தியின் வலது கால் துணி மாதிரித் தொங்கியது. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். "முன்னாடியே வந்திருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாதுங்க" என்று டாக்டர் நம் இருவரிடமும்தான் சொன்னார். நான் அந்த ஒரு வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நீ அதை வாயில் எடுக்கவே இல்லை.

கோமதி கேட்டாள். "நான் போகாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. தப்பு என்னுதுதான்" என்றாய்.

நான் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஒரே ஒரு தடவை மறுபடி ஜட்ஜ் வீட்டுக்குப் போனாய். புத்தி வரவில்லையே இவனுக்கு என்று நினைத்துக்கொண்டே நானும் வந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "பூர்வ ஜென்ம பாபம். அனுபவிச்சுத்தான் தீரணும்" என்றார். நீ எழுந்தாய். "கொழந்தைக்கு ரெண்டு வயசு சார்" என்றாய். கும்பிடு போடாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாய். உன்னோடு பழகிய காலத்தில் உன்னை நான் மதித்தது அந்த ஒரு நாள்தான்.

அதோடு பெரியவர்கள் ஒழிந்தார்கள். கேள்வியும் போயிற்றா, உள்ளே வைத்துப் பூட்டினாயா, நான் கேட்கவில்லை. நீ வசந்தியை முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்விட்டாய். காலுக்கு இரும்புப் பட்டை போட்ட பிறகு மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போனாய். கோமதி உன்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஞாயிறுதோறும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, உங்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, உன்னைப் பழையபடி கிண்டல் செய்துகொண்டிருந்தேன். அசடு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீ. 'இவன்தான் கூப்பிட்டான்' என்று. பத்து வருஷம் சொல்லாமல் இருந்து என்ன சாதித்தாய்? என்னைக் காப்பாற்றியதாக நினைப்பா? யார் கேட்டார்கள் உன்னை?

உன் கருமாதிக்கு வந்தவர்கள் போனபின் நானே கோமதியிடம் சொன்னேன்.

"அன்னைக்கு அவன் வரலைன்னுதான் நின்னான் கோமதி. நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

அவள் பாத்திரம் அடுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும்ணே. கதவுக்குப் பின்னாலதான நின்னுக்கிட்டிருந்தேன்."

"அவன்கிட்ட ஏன் கேக்கல?"

"அவரே சொல்லுவாருன்னு இருந்தேன். சொல்லல. நீங்களாவது சொல்லுவீங்கன்னு பாத்தேன்." கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள். "பத்து வருஷமா ஒரு ஞாயிறு தவறாம வந்தீங்களே. எதுக்குண்ணே வந்தீங்க?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நீ ஊரெல்லாம் அலைந்து கேட்டதற்கு அத்தனை பேரும் ஏதோ ஒரு பதில் வைத்திருந்தார்கள். அவர்களையும் உன்னையும் சேர்த்து ஏளனம் செய்தவனிடம் ஒருத்தி ஒரே ஒரு தடவை கேட்டாள், நான் செருப்பைத் தேடினேன்.

போன ஞாயிறும் போனேன். வசந்தி கணக்குப் போடத் தெரியாமல் நோட்டை என்னிடம் நீட்டினாள். கோமதி காபியைக் கொண்டுவந்து வைத்தாள், மறுபடி கேட்கவில்லை. கேட்டால் சொல்ல இன்றைக்கும் என்னிடம் ஒன்றும் கிடையாது. போகாமல் இருக்கவும் முடியவில்லை.