அலுமாரியில் இல்லாத போன்

2007 செப்டெம்பர் 5, புதன்

மகள் நிருத்திகாவின் பாடசாலையிலிருந்து சுற்றறிக்கை. எதிர்வரும் திங்கள் முதல் மாணவிகள் தம் கைத்தொலைபேசிகளையும் ஏனைய மின்சாதனங்களையும் காலையில் வாயிலிலேயே ஒப்படைக்க வேண்டுமாம். அவை அலுவலக அலுமாரியில் பூட்டப்பட்டு, பாடசாலை விட்டபின் திருப்பித் தரப்படுமாம். "கற்றலுக்குரிய அமைதியைப் பேணும் நோக்கில்." அமைதி! கொழும்பு வெள்ளவத்தையில், யுத்தம் நடக்கும் இந்த வருடத்தில், அந்தச் சொல்லை எழுத ஒரு கை துணிந்திருக்கிறது.

யூலையில் என் மகன் பிரணவனை எங்கள் ஒழுங்கை முகப்பிலேயே யாரோ வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து இந்த வீட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்ததும் நிருத்திகா எனக்கொரு ரிங் கட் தர வேண்டும், இடைவேளையில் ஒன்று, புறப்படும்போது ஒன்று. என் தொலைபேசி இரண்டு தரம் அடித்து அடங்கும். நான் எடுப்பதில்லை. அடித்தால் பிள்ளை இருக்கிறாள். அவ்வளவுதான் எனக்கு மிச்சமாக இருக்கும் நிச்சயம். அதைத்தான் அலுமாரியில் பூட்டப் போகிறார்கள்.

செப்டெம்பர் 6

கடிதத்தின் முதல் வரைவு. கோபம் தெரிகிறது. கிழித்தேன்.

செப்டெம்பர் 9, ஞாயிறு

கடிதம் முடிந்தது. ஆறு பந்திகள், ஒரு வியப்புக்குறிகூட இல்லை. நாளைக்கே பாடசாலை அதிபர் திருமதி ஐறீனின் மேசைக்குப் போகும்.

மனைவி பாலேஸ்வரி நான் வாசிக்கக் கேட்டாள். முடிந்ததும், "பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு வடிவா எழுதுறியள்," என்றாள். மிச்சத்தைச் சொல்லவில்லை. சொல்லாதது எனக்குத் தெரியும். மகனுக்காக நான் எங்கும் எழுதவில்லை. பொலிஸில் முறைப்பாடு செய்யவில்லை. யாரையும் செய்ய விடவுமில்லை. ஹெக்டர் சொன்ன அறிவுரை அது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன்; அமைச்சில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவன்; மேலிடத்தில் ஆட்களைத் தெரிந்தவன். "சத்தம் போட்டால் பெடியனை இல்லாமல் ஆக்கிப் போடுவாங்கள் மச்சான். நீ பேசாமல் இரு. நான் உள்ளுக்குள்ளால விசாரிக்கிறன்." நான் பேசாமல் இருக்கிறேன். பேசாமல் இருப்பது எதுவும் செய்யாமல் இருப்பதல்ல என்பது பெண்களுக்கு விளங்குவதில்லை.

செப்டெம்பர் 12, புதன்

தடை வந்து மூன்றாம் நாள். இடைவேளை ரிங் கட் தவறாமல் வருகிறது. ஆக, பிள்ளை போனை ஒப்படைக்கவில்லை. விதியை மீறுகிறாள். நான் கேட்கவில்லை, கண்டிக்கவுமில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அதில் ஒரு குளிர்ந்த திருப்தி.

செப்டெம்பர் 19

பதில் இல்லை. திங்கட்கிழமை நேரில் வருவதாக அறிவித்தேன்.

செப்டெம்பர் 24, திங்கள்

நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன். வேறு எப்படியும் இதை என்னால் பிடித்து நிறுத்த முடியாது.

அதிபர் எழுந்து வரவேற்றார். "உங்கட கடிதம் வாசிச்சனான் மிஸ்டர் கதிர்காமநாதன். என்ர டீச்சர்மார் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினனான். ஆனா வகுப்பில பாடம் எடுக்கிற டீச்சரைப் படம் பிடிச்சு ஊரெல்லாம் அனுப்பினா நான் என்ன செய்யிறது? அவசரமெண்டா ஒஃபிஸ் போனுக்கு எடுக்கலாம்."

"எண்ணூறு பெற்றோருக்கு ஓர் இணைப்பு," என்றேன். "குண்டு வெடிக்கும் நாளில் அது யாருக்குக் கிடைக்கும்?"

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. உங்கள் தடை செயலிலும் இல்லை. என் மகளின் அழைப்பு இன்றைக்கும் இடைவேளையில் வந்தது. அலுமாரியைத் திறந்து பாருங்கள், அவளுடைய போன் அதில் இல்லை என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"இல்லைத்தான். பிள்ளை ரெண்டு கிழமையா வரேல்லையே."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேனென்று நினைவில்லை.

"செங்கமாரி, கண்ணெல்லாம் மஞ்சள் எண்டு சொன்னவை. இப்ப எப்பிடி இருக்கிறா? நான் உங்களை இருக்கச் சொல்லி முதல்ல அதைத்தான் கேட்டிருக்க வேணும்."

யார் சொன்னது? யார் என் மகளுக்குச் செங்கமாரி என்று சொன்னது?

"உங்கட மிசிஸ்தானே. அவதான் போன் எடுத்துச் சொன்னவா."

காலி வீதியில் இறங்கியபோது எந்தப் பக்கம் வீடு என்று ஒரு கணம் தெரியவில்லை. நின்றேன். பாடசாலை விடும் நேரம். சட்டைப் பையில் தொலைபேசி இரண்டு தரம் அடித்து அடங்கியது.

*

அதே நாள், மாலை

அவள் வெள்ளைச் சீருடையோடு, புத்தகப் பையோடு வந்தாள். பாலேஸ்வரி கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் இருவருக்கும் விளங்கிவிட்டது. ஒருவரும் அழவில்லை. அதுதான் எனக்கு முதலில் உறைத்தது. இதற்கு ஆயத்தமாக இருந்திருக்கிறார்கள்.

"எங்கே இருந்தாய்?"

"தெஹிவளையில. ஹமீமாக்கா வீட்டில. அவட மனுசனையும் கொண்டு போனவங்கள். கியூவில பழக்கம்."

"எந்தக் கியூ?"

காணாமற்போனவர்களைப் பதியும் அலுவலகமாம். ஓகஸ்ட் லீவில் தாயும் மகளுமாகப் போய்ப் பதிந்திருக்கிறார்கள். கோயிலுக்கென்று போன நாட்கள் அவை. தகவல் கிடைத்தால் அறிவிக்க நிருத்திகாவின் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

"பகல்லதான் எடுப்பாங்களாம் அப்பா. ஒஃபிஸ் நேரத்தில. ஒருக்கா அடிச்சு எடுக்காட்டி அடுத்த ஃபைலுக்குப் போயிடுவாங்கள் எண்டு ஹமீமாக்கா சொன்னவா. போனை அலுமாரிக்க குடுத்திட்டு நான் வகுப்பில இருந்து என்னத்தைப் படிக்கிறது?"

"அம்மாவிடம் கொடுத்திருக்கலாம்."

"அம்மாவுக்குச் சிங்களம் வராது. நீங்களும் வீட்டிலதானே இருக்கிறியள், முழு நாளும்."

பெரிய குற்றச்சாட்டாக அவள் அதைச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னாள்.

"என்னிடம் சொல்லியிருக்கலாமே?" என்று பாலேஸ்வரியைக் கேட்டேன்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பியளோ?"

விட்டிருக்க மாட்டேன்.

"ஹெக்டர் விசாரிக்கிறான் என்று சொன்னேனே. அவனுடைய வேலையையும் கெடுத்துவிட்டீர்களே, இரண்டு பேருமாக."

"கெடுக்கிறதுக்கு அங்க என்ன இருக்கெண்டு போய்க் கேட்டுப் பாருங்கோவன்."

செப்டெம்பர் 25, செவ்வாய்

கேட்டேன். கொட்டாஞ்சேனையில் அவன் வீட்டு முன்னறையில். தேநீர், பிஸ்கட். அவன் மனைவி மாக்ரெட் வழமையாக வந்து கதைப்பவள், இன்று உள்ளேயே இருந்தாள்.

யாரிடம் விசாரித்தாய், பெயரைச் சொல், என்று ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டேன்.

"நான் ஒருத்தரையும் கேக்கேல்லை மச்சான்," என்றான் கடைசியில். "எப்பிடிக் கேக்கிறது? கேட்டா என்ர பேரும் ஒரு இடத்தில எழுதப்படும். எனக்கும் ரெண்டு பெடியள் இருக்கிறாங்கள்."

"அப்படியானால் பேசாமல் இரு என்று ஏன் சொன்னாய்?"

"நீ வந்து கேட்டாய். நான் என்னத்தைச் சொல்ல?"

யூலை, ஓகஸ்ட், செப்டெம்பர். இவனுடைய பயத்தை என் மதிநுட்பமாக எண்ணிக்கொண்டு வீட்டில் இரண்டு பெண்களை அடக்கி வைத்திருந்தேன். அடக்கி வைத்தேன் என்று நினைத்திருந்தேன்.

தேநீரைக் குடித்து முடித்தேன். நன்றி சொன்னேன். இனி அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்.

செப்டெம்பர் 26

காலையில் நிருத்திகாவிடம் கையை நீட்டினேன். "போனைத் தா. நீ பள்ளிக்குப் போ. நான் வைத்திருக்கிறேன்."

தாயைப் பார்த்தாள். தாய் தலையசைத்த பிறகுதான் தந்தாள்.

"சார்ஜ் பண்ண மறக்காதேங்கோ. குளிக்கப் போகேக்கையும் கொண்டு போங்கோ. அப்பா, எடுத்த உடன கோவமாக் கதைக்கக் கூடாது."

செப்டெம்பர் 28

ஒன்றுமில்லை.

ஒக்டோபர் 1, திங்கள்

ஒருமுறை அடித்தது. ஹமீமா. "ஏதும் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள், என் குரலைக் கேட்டதும் பயந்துபோய் வைத்துவிட்டாள். திருப்பி எடுத்து, இல்லை தங்கச்சி, தெரிந்தால் உங்களுக்கும் சொல்வேன் என்றேன். இரண்டு கிழமையாக என் மகளைப் பகலில் தன் வீட்டில் வைத்திருந்தவள். முகம்கூடத் தெரியாது எனக்கு.

ஒக்டோபர் 4, வியாழன்

முற்பகல். ஓர் ஆண் குரல், சிங்களத்தில். நிருத்திகாவைக் கேட்டது. பிள்ளை பாடசாலையில், என்னிடம் சொல்லலாம் என்றேன்.

"நீங்கள் யார்?"

"தகப்பன்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.

"தகப்பன் இறந்துவிட்டதாகத் தாய் பதிந்திருக்கிறாரே. தகப்பன் இருந்தால் அவருடைய கையெழுத்தல்லவா வேண்டும்?"

அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்த இடத்தில் நான் என்னை நிரூபிக்கப் புறப்பட்டால், ஒன்றுக்கொன்று முரணான தகவலென்று அந்தக் கோப்பை மூடி வைப்பார்கள். அரசாங்கத்தில் முப்பது வருடம் நானும் அப்படித்தான் மூடி வைத்தேன்.

"மன்னிக்க வேண்டும். தகப்பனைப் போல. நான் தாய்மாமன்," என்றேன்.

பிரணவன் உயிரோடு இருக்கிறான். தெற்கே ஒரு தடுப்பு முகாமில். பதிவில் உள்ள உறவினர் இருவர், தாயும் தங்கையும், சனிக்கிழமை பார்க்கலாம்.

உயிரோடு இருக்கிறான்.

பாலேஸ்வரியிடம் செய்தியை மட்டும் சொன்னேன். குசினி நிலத்தில் அப்படியே குந்திவிட்டாள். அந்த மற்றதை நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை என்று ஒரு மனம். உயிரோடிருக்கும் மனுசனை எப்படிச் செத்தவன் என்று எழுதிக் கொடுத்தீர் என்று ஒரு மனம்.

ஒக்டோபர் 6, சனி

அதிகாலை ரயிலில் மூவருமாகப் போனோம். முகாம் வாயிலில் காவலர் பெயர்களைப் பார்த்தார். என்னைக் காட்டி, "இவர்?" என்றார். பாலேஸ்வரி வாயைத் திறந்தாள், மூடினாள்.

"மாமா," என்றேன் நான், சிங்களத்தில். "துணைக்கு வந்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நிருத்திகா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இருவரும் உள்ளே போனார்கள். எதிரே ஒரு வாகை மரம். அதன் கீழ் என்னைப் போல இன்னும் சில பேர். சுவருக்கு அப்பால் என் மகன்.

வெகு நேரத்தின்பின் வந்தார்கள். பாலேஸ்வரி நேரே என்னிடம் வந்து நின்றாள்.

"மெலிஞ்சு போனான். கதைக்கிறான். பல்லொண்டு இல்லை," என்றாள். பிறகு, "உங்களைத்தான் முதல் கேட்டவன்."

"என்ன சொன்னீர்?"

"வெளியில நிக்கிறார் எண்டு சொன்னனான்."