ரப்பர் கொட்டைத் தலை வைத்த பாலன்

அக்கா,

உன் கிறிஸ்மஸ் குடில் பெட்டியை உன் வீட்டுக்கார மாமா போன வாரம் புக்கிட் பெருவாங்கில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். "இந்த வருஷம் நீ வையி. எனக்குக் கை வரல," என்று மட்டும் சொல்லிவிட்டு, தேத்தண்ணி கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். திறந்ததும் பூச்சி உருண்டை வாசம். மாடு, கழுதை, இடையர்கள் எல்லாரும் நலம். அடியில், நீ தைத்த பாலன் இயேசு மட்டும் தலையில்லாமல் கிடந்தார். தலையாக இருந்த ரப்பர் கொட்டை நொறுங்கிப் போயிருந்தது.

"பாச்சாங் டவுன் கடையில புதுசு இருக்குலா ப்பா, வாங்கிக்கலாம்," என்றாள் என் மகள். அந்தத் தலையின் கதை அவளுக்குத் தெரியாது. நம் அப்பாவுக்கும் தெரியாது என்றுதான் நாற்பது வருஷமாக நினைத்திருந்தேன்.

ஜாசின் ரப்பர் தோட்டத்தில், நம் லயத்து வீட்டுப் பின்வாசலில் நீ செய்த பொம்மைகள் அத்தனைக்கும் ரப்பர் கொட்டைதான் தலை. கொட்டையில் இருக்கும் புள்ளியும் கோடுமே மூக்கு முழி. உடம்புக்குக் கைலிக் கிழிசல், வயிற்றுக்குள் இலவம் பஞ்சு. அவற்றுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சாமியார் நான். கழுத்தில் அப்பாவின் துண்டு, கையில் பால் டின் தண்ணீர். பின்னாளில் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றவன், ஏழு வயதிலேயே குருப்பட்டம் வாங்கியிருந்தேன்.

நான் பொய் சொன்னால் உனக்கு உடனே தெரிந்துவிடும். ஒரு கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கி என் தொடையில் வைப்பாய். "பொய்யா சொல்ற? இந்தா, வாங்கிக்க."

அந்தக் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் பொம்மைகள் எல்லாம் முடிந்தும் எனக்கு ஆசை அடங்கவில்லை. குடிலில் இன்னும் வைக்காமல் அலமாரியில் இருந்த குழந்தை இயேசு சுரூபத்தை எடுத்து வந்து, அவருக்கும் தலையில் தண்ணீர் ஊற்றினேன். இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவானுக்குப் பிறகு அந்தத் துணிச்சல் எனக்குத்தான். ஈரக்கை வழுக்கியது. சுரூபம் மூன்று துண்டு.

நீ கத்தவில்லை. "அழுவாத, மூக்கத் தொடச்சுக்க," என்றாய். புதிதாகச் செய்திருந்த பொம்மையின் சட்டையைக் கழற்றி, வெள்ளைத் துணி சுற்றி, குடிலில் படுக்க வைத்தாய்.

சாயங்காலம் பாட்டுக் குழுவோடு வந்த உபதேசியார் குனிந்து பார்த்தார். "இதென்னம்மா, பாலன் இவ்ளோ கறுப்பா இருக்காரு?"

"தோட்டத்துல பொறந்தா அப்படித்தான் இருப்பாரு, அங்கிள்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அவர்கள் போனதும், "சுரூபத்த ஒடச்சது யாரு?" என்றார். நான் முறுக்குத் தட்டுப் பக்கத்தில் நின்றேன்.

"நான்தாம்பா. கை தவறிருச்சு," என்றாய்.

மறுநாள் எல்லாரும் மலாக்காவுக்குப் படம் பார்க்கப் போனோம். உன்னை மட்டும் வீட்டில் விட்டுவிட்டார்கள். திரும்பி வந்து படத்தின் முழுக் கதையையும் உனக்கே சொன்னேன், வெட்கமில்லாமல். நீயும் கேட்டுச் சிரித்தாய். எனக்குச் சூடு வைக்கவில்லை.

இந்த வருஷம் நீ போவதற்கு முன் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று தடவை அதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மூன்று தடவையும் "சாப்ட்டியா க்கா?" என்றுதான் வந்தது.

நேற்று ஜாசினுக்கு வண்டியை விட்டேன். நம் தோட்டம் முழுக்க இப்போது செம்பனை மரங்கள். சாலையோரம் மிஞ்சியிருந்த நாலு ரப்பர் மரத்தடியில் புல்லை விலக்கித் தேடி, இரண்டு கொட்டை பொறுக்கினேன். வீட்டில் உட்கார்ந்து பாலனுக்குத் தலை தைத்தேன். துணியை விட என் விரலில்தான் அதிகத் தையல். எதிரே நாற்காலியில் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அன்னிக்கு சுரூபத்த ஒடச்சது அக்கா இல்ல. நான்."

"தெரியும்டா. தட்டு நெறைய முறுக்கு இருந்திச்சு, நீ ஒன்னக்கூடத் தொடல. ஒன் பொழப்புல அப்படி அந்த ஒரு நாள்தான்."

"அப்புறம் ஏன் அவள விட்டுட்டுப் போனீங்க?"

அப்பா பொம்மையைக் கையில் வாங்கினார். "ஒன்னத்தான் வீட்டுல நிறுத்தி வைக்க இருந்தேன். அவ பின்னாலயே வந்து, 'தம்பி சின்னப் பையன், நான் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்பா'ன்னா. அவ சொன்னபடியே விட்டுட்டேன்."

பாலன் இப்போது குடிலுக்குத் தயார். தலை கொஞ்சம் கோணல். "ஏன்ப்பா ஒரு பக்கமா பாக்குறாரு?" என்று மகள் கேட்டாள். அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், முறுக்கு உட்பட.

மிச்சமிருந்த ஒரு கொட்டை என் சட்டைப்பையில் இருக்கிறது. காலையில் வாசல் சிமெண்டில் அதைத் தேய்த்து, அன்றைக்கு நீ வைக்காமல் விட்ட சூட்டை நானே என் தொடையில் வைத்துக்கொண்டேன்.

நன்றாகச் சுட்டது, அக்கா.