தபாலில் சொன்னால் போதாது

வெள்ளவத்தை
03.02.2025

பரிமளம் மச்சாளுக்கு,

சுகம் விசாரிக்க எழுதவில்லை. போனில் உம்முடைய குரலைக் கேட்டால் எனக்குப் பழசெல்லாம் வரும். அதனால்தான் தபால்.

பேத்தி சிவானி கைப்பணியும் நாட்டார் கலையும்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கொள்ளுப்பிட்டியில் ஒரு பிரைவேட் கொலிஜுக்கு என்னைக் கூட்டிப்போனாள். அவர்கள் கேட்ட பீஸுக்கு நாங்கள் இருக்கிற பிளாட்டையே விற்க வேணும். "படிச்சு முடிச்சா என்ன வேலை பிள்ளை?" என்று மேசையில் இருந்தவளைக் கேட்டேன். "நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும் ஆன்ட்டி" என்றாள். "அது மாசம் எவ்வளவு வரும்?" என்றேன். சிவானி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கல்கிசையில் இன்னொரு இடம். ஆறு மாசம் கடதாசிப் பூச் செய்யவைத்து ஒரு சேட்டிபிக்கட் தருவார்களாம். டிகிரி இல்லையாம்.

கடைசியில் உங்கள் ஊர் யாழ்ப்பாணக் கம்பஸில் இடம் கிடைத்திருக்கிறது. அரசாங்கப் படிப்பு, பீஸ் இல்லை. அங்கே முடித்த பிள்ளை ஒன்று இப்போது பள்ளிக்கூடத்தில் சித்திர ரீச்சர். ஆனால் மகன் பிரியந்தன், "தெரிஞ்ச வீட்டில இருந்தா விடுறன், இல்லாட்டி எக்கவுண்டிங் கிளாசுக்குப் போகட்டும்" என்கிறான். கம்பஸுக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த வீடு உம்முடையது ஒன்றுதான். என் தலைவிதி.

2003இல் சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்தது. மகளின் கலியாணச் சேலை எடுக்க வெள்ளவத்தைக்கு வந்தனீர். எங்கள் வாசலைத் தாண்டிப் போய், சொந்த அண்ணனான என் மனுசனுக்குக் கலியாணக் கார்டைத் தபாலில் போட்டனீர். வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. நான் மறக்கவில்லை.

சிவானிக்கு அறை தருவீரா?

சிவமணி

*

திருநெல்வேலி, யாழ்ப்பாணம்
11.02.2025

மச்சாளுக்கு,

அறை சும்மாதான் கிடக்கிறது. சிவானி வரட்டும் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். பிறகு யோசித்தேன்.

கார்ட் தபாலில் வந்ததென்று அண்ணனை நீங்கள் கலியாணத்துக்கு விடவில்லை. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றார். அண்ணன் செத்த பிறகும் அந்தக் கலியாணப் படத்தை நான் சுவரில் மாட்டவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னால்தான் சொன்னது என்று சட்டம் போட்டது நீங்கள். இப்போது நீங்களும் தபாலில்தானே கேட்டிருக்கிறீர்கள்.

வந்து சொல்லுங்கள்.

பரிமளம்

*

வெள்ளவத்தை
17.02.2025

பரிமளம் மச்சாளுக்கு,

எழுபத்தாறு வயதில், இந்த முழங்காலோடு என்னை யாழ்ப்பாணத்துக்கு இழுக்கிறீர். உம்முடைய கடிதத்தை வாசித்துவிட்டு சிவானி சிரிக்கிறாள். "அப்பம்மா, அவ சொல்லுறது சரிதானே" என்கிறாள். இவளுக்காகத்தான் நான் ஊரெல்லாம் படியேறினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டேசனில் கோச்சி ஏறி வருகிறோம். முறைப்படி வெற்றிலைத் தட்டும் கொண்டுவருவேன். பிறகு ஒரு குறை சொல்லக்கூடாது. உம்முடைய மகளுக்கென்று உம்முடைய அண்ணன் அப்போது வாங்கின சேலை இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. வருசா வருசம் வெயிலில் போட்டு எடுக்கிறேன். அதுவும் வருகிறது.

இதற்காக நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வாசல் படலையடியில் நின்றுதான் சொல்லுவேன். "உள்ள வாங்கோ மச்சாள்" என்று நீர் உம்முடைய வாயால் சொன்னால்தான் செருப்பைக் கழற்றுவேன்.

சிவமணி