சிவப்புத் துணி கட்டிய தீக்கோடு

4-5-1982, செவ்வாய்

வாய்க்கால் ஆபீசில் லீவு போட்டுவிட்டு முகாமுக்கு வந்தாயிற்று. லோயர் கேம்ப் ஊரைத் தாண்டி மலையடிவாரம். காட்டையும் விலங்குகளையும் காப்பது எப்படி, காட்டில் வழி தவறாமல் நடப்பது எப்படி என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கோடையில் சொல்லித் தருகிறார்கள். நடத்துகிறவர் ராஜமணி அண்ணன், கம்பத்தில் அறிவியல் வாத்தியார். மிளா மானின் தடமும் யானை லத்தியும் அவர் பாடம். திசைகாட்டி, கயிற்று முடிச்சு, சரிவு அளப்பது என் பாடம். அரிசி, கூடாரம், ஜீப் எல்லாம் போடி ஏலக்காய் வியாபாரி சுயம்புலிங்கம் உபயம். மனிதர் நேரில் வந்து ஒவ்வொரு பிள்ளையாகப் பேர் கேட்டுத் தலையைத் தடவினார். ஏன் இவ்வளவு அன்பு?

5-5

காலையில் பிள்ளைகள் தீக்கோடு வெட்டுகிறார்கள். காட்டுத் தீ தாண்டாமலிருக்கப் புல், புதர் எல்லாம் செதுக்கி விடுகிற வெற்றுப் பட்டை. இதுவும் சுயம்புலிங்கத்தின் யோசனைதான். அவருடைய ஆள் ஒச்சாண்டி முன்னால் போய்ச் செடிகளில் சிவப்புத் துணி கட்டுகிறான். பிள்ளைகள் துணியைப் பார்த்து வெட்டிக்கொண்டே ஏறுகிறார்கள்.

தீக்கோடு தை, மாசியில் வெட்டுவதல்லவா? கோடை மழை இறங்கிய பிறகு எந்தத் தீக்கு? கேட்டேன். அடுத்த வருஷத்துக்கு ஆகுமே என்றார் ராஜமணி அண்ணன். சரி.

6-5

சரியில்லை. வளைவு வருகிற இடமெல்லாம் இரண்டு மடங்கு அகலமாகச் செதுக்கச் சொல்கிறான் ஒச்சாண்டி. தீ என்ன, ரிவர்ஸ் எடுத்துத் திரும்புமா? கேட்டேன்.

"மொதலாளி சொன்னாக, செய்யிறேன். ஒங்களுக்கு எங்கன நோவுது சார்?"

7-5

மழை. பாடம் இல்லை. படுத்துக்கொண்டு யோசித்ததுதான் மிச்சம்.

8-5

துணி கட்டிய வழியே தனியாக மேலே போனேன். பிள்ளைகள் இன்னும் எட்டாத இடம். முடிவில் தேக்கைவிட விலை போகிற ஈட்டி மரங்கள், கூட்டமாக. ஒருவர் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். அதற்கு மேல் துணி இல்லை. தீக்கோடு என்றால் முகட்டின் மேல் போய் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் பிரிக்க வேண்டும். இது மரத்தடியில் போய் நின்றுவிடுகிறது.

இறங்கிவந்து ராஜமணி அண்ணனிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். எனக்கு எல்லாரையும் சந்தேகப்படுகிற வியாதி என்றார். பாரஸ்டில் அனுமதி வாங்கியாயிற்று என்று முதலாளியே சொன்னாராம். காகிதத்தைப் பார்த்தீர்களா என்றேன். பார்க்கவில்லை.

"அவுக இல்லேன்னா இந்தப் புள்ளைகளுக்குக் காட்டை யாரு காட்டுறது? நீயா?"

இவருக்கும் இதில் பங்கு உண்டோ? எழுதவே கூசுகிறது. ஆனாலும் தோன்றுகிறது.

9-5

இனி வாயால் யாருக்கும் சொல்வதாக இல்லை. பிள்ளைகளிடம் கோணமானி அட்டையும், நுனியில் கல் கட்டிய நூலும் கொடுத்து, வெட்டிய வழி நெடுகச் சரிவை அளக்கச் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கீழே நாலு டிகிரி. நடுவில் நாலு. மலை செங்குத்தாக நிற்கிற இடத்தில் வழி பக்கவாட்டில் வளைந்து போகிறது. அங்கேயும் நாலு.

குச்சனூர் சண்முகத்தாய், பத்தாம் வகுப்பு, இன்னொரு முறை அளந்துவிட்டு நிமிர்ந்தாள். "சார், எங்க வீட்டு மாடு பாரவண்டியோட முக்காம ஏறுறது இந்தச் சரிவுலதான். இது தீக்கோடு இல்ல. ரோடு."

அரிவாள் சத்தம் நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற பையன் கருத்தக்கண்ணன் தன் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்தான். "அப்ப நம்மள வச்சே வெட்டிட்டாகளா?"

பின்னால் ராஜமணி அண்ணன். எப்போது வந்தார் தெரியாது. அட்டையை வாங்கி அவரும் அளந்தார். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய் பஸ் ஏறிவிட்டார். எங்கே? போடிக்கா? என்னைப் பற்றிச் சொல்லவா?

10-5

போடிக்குத்தான். காகிதம் கேட்கப் போயிருக்கிறார். சுயம்புலிங்கம் காப்பி வாங்கிக் கொடுத்தாராம். காகிதத்தைக் காட்டவில்லையாம்.

வந்தவர் சட்டையைக்கூட மாற்றவில்லை, மண்வெட்டியை எடுத்தார். மண் அரிக்காமலிருக்கச் சரிவுக்குக் குறுக்கே பள்ளம் எடுக்கிற பாடம் கடைசி நாளைக்கு என்று வைத்திருந்தார். அதை இன்றே நடத்துவோம் என்றார். எங்கே என்றேன்.

"அந்த ரோட்டுக்குக் குறுக்கதான். வளைவுக்கு வளைவு."

மரம் ஏற்றுகிற லாரியின் சக்கரம் இறங்கினால் ஏறாத ஆழம் எவ்வளவு என்று மட்டும் நான் சொன்னேன். பிள்ளைகள் சாப்பிடக்கூட வரவில்லை. ஒச்சாண்டி கத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

11-5

ஜீப் வந்து கூடாரங்களை ஏற்றிக்கொண்டு போனது. அரிசியையும்தான். பாதியிலேயே முகாம் முடிந்தது. பிள்ளைகளை பஸ் ஏற்றிவிட்டு, பாரஸ்ட் ஆபீசுக்கு மனு எழுதினோம். முதல் கையெழுத்து ராஜமணி அண்ணன். அவரைப் பற்றி எட்டாம் தேதி எழுதியதை அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

11-7, ஞாயிறு

ராஜமணி அண்ணன் நனைந்துகொண்டே குவார்ட்டர்ஸுக்கு வந்தார். மேலே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். பள்ளமெல்லாம் தண்ணீர், வழியில் முழங்கால் உயரப் புல். ஈட்டி நிற்கிறது. அடுத்த கோடைக்கு முகாம் நடத்தத்தான் வழியில்லை. கெங்குவார்பட்டி விவசாயி ஒருவர் தானே தேடிவந்து, அரிசி முழுவதும் தருகிறேன் என்றாராம்.

யார் அவர், எதற்குத் தருகிறார் என்றேன்.

"நானும் அதத்தான் அவுககிட்டக் கேட்டேன் தம்பி. மூஞ்சி சுண்டிப்போச்சு. எந்திரிச்சுப் போயிட்டாக."

நல்ல மனிதராக இருந்திருப்பாரோ?